ஸ்வெட்டர் பின்னத் தெரியும். புது டிசைன்களை எங்கே தேடுவது, நிட்-அலாங்கில் சேரலாமா?

தில்லிக்கு வந்து பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் சீதா, உல்டா என்ற நேர்க்கண்ணி, மாற்றுக்கண்ணி இரண்டையும் கற்றுக்கொண்டீர்கள், மஃப்ளர், குழந்தை ஸ்வெட்டர், திரும்பவும் மஃப்ளர் என்று போய்க்கொண்டிருக்கிறது, இணையத்தில் பார்க்கிற படமெல்லாம் அழகாக இருப்பதால் எதைத் தொடுவது என்று தெரியவில்லை, நிட்-அலாங் என்கிறார்களே, அதில் சேரும் அளவுக்கு நமக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும், சேருங்கள். சீதாவும் உல்டாவும் தெரிந்தவருக்கு மிச்சமெல்லாம் அந்த இரண்டின் சேர்க்கைதான்.

நிட்-அலாங் என்றால் பலர் ஒரே டிசைனை எடுத்துக்கொண்டு, ஒரே நாளில் ஊசியில் கண்ணி போட்டு ஆரம்பித்து, அவரவர் வீட்டிலிருந்தே பின்னி, சந்தேகங்களையும் படங்களையும் ஒரே இடத்தில் பகிர்ந்துகொள்வது. பரிசு, போட்டி எல்லாம் இருக்கலாம், அது எனக்கு முக்கியமாகப் படவில்லை. நீங்கள் கழுத்துப் பக்கம் வந்து திணறும் அதே வாரத்தில் இன்னும் நாற்பது பேர் அதே கழுத்தில் நிற்கிறார்கள், அதில் ஒருவராவது வழி கண்டுபிடித்திருப்பார், அதற்காகத்தான் சேரச் சொல்கிறேன்.

டிசைன் தேடுவதிலும் நான் இதே வழியில்தான் போகிறேன். வடிவமைப்பாளர் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதைப் பின்னி முடித்த சாதாரண ஆட்களைத் தேடுங்கள். ராவெல்ரி தளம் 2007-இல் தொடங்கியது, கணக்குத் திறக்கப் பணம் வேண்டாம். அங்கே ஒவ்வொரு டிசைனுக்கும் கீழே அதைப் பின்னியவர்களின் பக்கங்கள் வரிசையாக இருக்கும்: என்ன நூல், எந்த ஊசி, எத்தனை கிராம் ஆனது, கை நீளத்தை எவ்வளவு மாற்றினார்கள், எந்த வரியில் குழப்பம் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் உடல்வாகு உள்ள ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் படம் கிடைத்துவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். தேடும்போது நூலின் பருமன், மொத்த மீட்டர், ஊசி அளவு, இலவசமா இல்லையா என்றெல்லாம் வடிகட்டலாம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நூலை எடை போட்டுப் பார்த்துவிட்டு, அந்த அளவுக்குள் வருவதை மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தது சில டஜன்களாகச் சுருங்கிவிடும், அதற்கப்புறம் மனசு அலையாது.

இனி தில்லிக்காரர்களுக்கென்று சில விஷயங்கள், வெளிநாட்டு டிசைன்களில் இதையெல்லாம் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

முதலில் ஊசி. நம் கடைகளில் சலாய்க்கு, அதாவது பின்னல் ஊசிக்கு, சொல்லும் நம்பர் பழைய பிரிட்டிஷ் கணக்கு, நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8 நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர், 10 நம்பர் என்றால் 3.25. அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர்மாறு, அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். அமெரிக்க டிசைனில் 8 என்று பார்த்துவிட்டுக் கடையில் எட்டாம் நம்பர் கேட்டு வாங்கினால் பெரியவருக்கான தொப்பி குழந்தைத் தொப்பியாக வந்து நிற்கும். அதனால் மில்லிமீட்டரை மட்டும் நம்புங்கள். நாம் கடையில் சாதாரணமாக வாங்கும் போனி ஊசிகள் நம் நீலகிரியில், கேத்தியில் தயாராகிறவை என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். உள்ளூரில் யாருக்கும் ஸ்வெட்டர் தேவைப்படாத சமவெளிக்காரர்களான நாம் தில்லிக்கு வந்து அதே ஊசியைப் பிடிக்கிறோம்.

அடுத்தது நூல். கரோல் பாகிலும் லாஜ்பத் நகரிலும் கிடைப்பதில் பெரும்பகுதி லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக், அல்லது அக்ரிலிக் கலந்தது. துவைக்க எளிது, விலையும் கட்டுப்படியாகும், குழந்தைகளுக்கு நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் நிட்-அலாங்குகளில் அடிக்கடி வரும் துளைத்துளையான லேஸ் சால்வைகளுக்கு அது சரிப்படாது. அந்தச் சால்வை ஊசியிலிருந்து இறங்கும்போது கசங்கிய துணி மாதிரிதான் இருக்கும். தண்ணீரில் நனைத்து, இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்த பிறகே டிசைன் திறக்கும், சுத்தமான கம்பளி அப்படியே பிடித்துக்கொள்ளும், அக்ரிலிக் பழையபடி சுருங்கிவிடும். லேஸில் சேர ஆசை என்றால் நல்ல கம்பளி நூல் கைக்கு வந்த பிறகு சேருங்கள். தில்லி ஹாட்டில் ஹிமாசல், உத்தராகண்ட் கடைகள் போடும் சமயத்தில் கையால் நூற்ற நூல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். எடையை மட்டும் பார்த்து நூலை மாற்றவும் வேண்டாம். டபுள் நிட்டிங் என்கிற நடுத்தரப் பருமனில் 100 கிராம் கம்பளி 200, 225 மீட்டர் வரும், அதே பருமன் அக்ரிலிக்கில் 290 வரைகூட வரும், ஆகவே மீட்டரைத்தான் ஒப்பிட வேண்டும்.

மாதிரித் துண்டு பின்னிப் பார்ப்பதைப் பலர் நேர விரயம் என்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 10 சென்டிமீட்டரில் 22 கண்ணி வரவேண்டும் என்று டிசைன் சொல்கிறது, உங்கள் கை சற்றுத் தளர்வு, 20 வருகிறது என்று வையுங்கள். 200 கண்ணியில் 91 சென்டிமீட்டர் சுற்றளவு வரவேண்டிய ஸ்வெட்டர் சரியாக ஒரு மீட்டர் ஆகிவிடும். நல்ல குழுவில் முதல் வாரமே இதற்குத்தான், எல்லோரும் துண்டு பின்னி அளந்து சொன்ன பிறகுதான் கண்ணி போடச் சொல்வார்கள். அப்படி ஒரு வாரம் ஒதுக்காத குழுவை நான் யோசித்துத்தான் எடுப்பேன்.

நமக்குப் பெரிய மாற்றம் வட்ட ஊசி, அதாவது வளையும் கம்பியால் இணைத்த இரண்டு ஊசி முனைகள். இங்கே ஆண்ட்டிகள் கற்றுக்கொடுப்பது முதுகு தனி, முன்பக்கம் தனி, கை இரண்டும் தனி, கடைசியில் தைப்பது. வெளியிலிருந்து வரும் டிசைன்களில் இப்போது நிறைய, கழுத்தில் ஆரம்பித்து வட்டமாகக் கீழே இறங்கும் ராக்லான் என்ற ஸ்வெட்டர் வகை, தையலே கிடையாது, நடுவில் போட்டுப் பார்த்து நீளத்தை முடிவு செய்துகொள்ளலாம். முதல் முறை ஸ்வெட்டரின் கையை உடலிலிருந்து பிரிக்கிற இடத்தில் எல்லோருக்கும் ஒரு தயக்கம் வரும், தனியாக உட்கார்ந்தால் அங்கேயே பையில் போட்டு மூடிவிடத் தோன்றும். எங்கள் மயூர் விஹார் குழுவில் அந்த வரிக்கு மட்டும் ஒரு மதியம் ஒதுக்கினோம். டிசம்பர் வெயில், சொசைட்டிப் பூங்காவில் பாய், நான்கைந்து தமிழ் வீடுகள், மற்றவர்கள் பஞ்சாபி, கட்வாலிப் பெண்கள். ஆங்கிலத்தில் இருந்ததை ஒருவர் தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிப் படிக்க, எங்களில் மூத்தவரான பீஜி என்ற பஞ்சாபிப் பாட்டி, பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், அந்தக் கட்டம் போட்ட வரைபடத்தை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்று எங்களுக்கு முன்னால் கையைப் பிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் வரைபடம் உள்ள டிசைனைத்தான் முதலில் பார்க்கிறோம். ஜப்பானிய டிசைன்களில் குறியீடுகள் எல்லாமே ஒரே தரப்படுத்தலில் இருப்பதால், அந்த மொழியில் ஓர் எழுத்து தெரியாமலே பின்னலாம், நீங்களும் முயன்று பாருங்கள்.

எதில் முதலில் சேருவது? தொப்பி. டபுள் நிட்டிங் நூலில் 4 மில்லிமீட்டர் ஊசிக்கு 100, 110 கண்ணி, ஒரு உருண்டை நூல், இரண்டு வாரம். வட்டமாகப் பின்னுவது, ரிப் என்கிற இழுபடும் விளிம்பு, உச்சியில் கண்ணி குறைப்பது எல்லாம் அதற்குள் வந்துவிடும். மர்மப் பின்னல் என்று ஒரு வகை இருக்கிறது, முடிந்தால் எப்படி இருக்கும் என்று காட்டாமலே வாரம் ஒரு பகுதியாக டிசைனை அனுப்புவார்கள். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ஸ்டீபன் வெஸ்ட் அக்டோபர் மாதங்களில் நடத்தும் சால்வைப் பின்னலில் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் சேர்கிறார்கள். நிறங்களை நம்பித் தேர்ந்தெடுக்கும் துணிச்சல் வந்த பிறகு அது அருமையான அனுபவம், முதல் முறைக்கு வேண்டாம் என்பேன்.

எனக்கு மிகப் பிடித்தது வெப்பநிலை மஃப்ளர். அன்றைய அதிகபட்ச வெப்பம் எவ்வளவோ அதற்குரிய நிறத்தில் தினம் இரண்டு வரி, அவ்வளவுதான். ஐந்து டிகிரிக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால் ஜனவரியில் பதினைந்து பதினெட்டில் இருந்து ஜூனில் நாற்பத்தைந்து வரை போகும் தில்லிக்கு ஏழு நிறம் தேவைப்படும், அதுவும் மார்ச், ஏப்ரலில் நிறங்கள் வேகமாக ஏறுவது கண்ணுக்கே தெரியும். சென்னையில் இருக்கும் என் சித்தி மகள் அதே அட்டவணையை வைத்துப் பின்னினாள், அவளுடையது மூன்று நான்கு நிறத்துக்குள் நின்றுவிட்டது, இரண்டையும் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்ப்பதே தனி அழகு. வருடம் முழுவதற்கும் 730 வரி, சீதா மட்டுமே பின்னினால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டர் வரும், மஃப்ளருக்குச் சரியான நீளம். ஊரில் உறவுகள் இருக்கிற யாருக்கும் இதைச் சொல்லுவேன்.

ஊர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ் குழு விரித்த குரோஷா (ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே) போர்வை 11,148.5 சதுர மீட்டர், கின்னஸ் சாதனை. பல ஊர்ப் பெண்கள் சதுரம் சதுரமாகப் பின்னி அனுப்பியதைச் சேர்த்துத் தைத்தது. ஆகவே கூட்டாகப் பின்னுவது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. குரோஷா குழுவில் சேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள், அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டனில் டபுள் குரோஷே என்கிறார்கள். எந்தக் கணக்கு என்று பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

ஒரு வேண்டுகோள். விலை கொடுத்து வாங்கிய டிசைனின் பிடிஎஃப்பை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒரு டிசைனை எட்டு அளவுகளில் கணக்குப் போட்டு, ஆட்களை வைத்துப் பின்னிப் பார்த்து வெளியிடுவது மாதக்கணக்கான உழைப்பு. கட்டுப்படியாகவில்லை என்றால் நல்ல இலவச டிசைன்கள் நிறைய இருக்கின்றன, எங்கள் குழு பல முறை அதில்தான் பின்னுகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, தில்லியில் கனமான ஸ்வெட்டர் போடும் நாட்கள் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரைதான். வெளிநாட்டுக் குழுக்கள் அக்டோபர் கடைசியில் கார்டிகன் ஆரம்பித்து மார்ச்சில் முடிக்கும், அவர்களோடு போனால் நாம் மின்விசிறிக்குக் கீழே பட்டன் தைத்துக்கொண்டிருப்போம். கார்டிகன் என்றால் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே கண்ணி போடுங்கள், அந்த மாதத்தில் புதிதாக எந்தக் குழுவும் தொடங்கவில்லை என்றால் போன வருடம் முடிந்துபோன ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய உரையாடல்கள் அப்படியே இருக்கும், நீங்கள் கேட்க நினைப்பதை யாரோ கேட்டு, பதிலும் வாங்கி, டிசைனில் இருந்த பிழைகளைத் திருத்தியும் வைத்திருப்பார்கள். கூடவே பின்ன பக்கத்து வீட்டு ஆண்ட்டியையும் கூப்பிடுங்கள்.