10 பெட்டி வாங்கி 34 பீஸ் விற்றதும் ஸ்டாக் -24 காட்டுவது
உங்கள் பில்லிங் மென்பொருளில் ஸ்டாக் மைனஸ் ஆகி, லாப அறிக்கையும் நஷ்டம் காட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட் (இருப்பு எண்ணிக்கையை நேரடியாகக் கூட்டிக் குறைக்கும் பதிவு) போட்டு நேராக்காதீர்கள். ஐட்டம் மாஸ்டரில் (பொருளின் விவரங்களைப் பதியும் பக்கம்) 1 பெட்டி = 24 பீஸ் என்று மாற்றிவிட்டு, அந்தக் கொள்முதல் பில்லைத் திறந்து யூனிட்டை மறுபடி பெட்டி என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். மாஸ்டரை மட்டும் மாற்றினால் பழைய பில் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

பெட்டிக்கு 24 பீஸ் என்கிறீர்கள். மென்பொருளில் மாற்று விகிதம் (ஒரு பெட்டிக்கு எத்தனை பீஸ் என்பது) 1 என்றே இருந்திருக்கும். அதனால் 240 பீஸுக்குப் பதில் 10தான் உள்ளே போயிருக்கிறது. 34 கழிந்ததும் -24. லாப அறிக்கை நஷ்டம் காட்டுவதும் இதனால்தான். பெட்டி விலை 480 என்றால் ஒரு பீஸின் அடக்கவிலையே (நமக்கு ஆன விலை) 480 ஆகிவிட்டது, உண்மையில் 20.

இந்த நிலையில் 230 பீஸை அட்ஜஸ்ட்மென்டில் சேர்த்தால் அதுவும் தலா 480 என்று ஏறும். இருப்பு மதிப்பில் 1,10,400 பொய்யாகச் சேரும். எண்ணிக்கை சரியாகத் தெரிவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து.

சரிபார்க்க:
1. அந்தப் பொருளின் ஸ்டாக் லெட்ஜரில் (வந்தது, போனது, மீதி காட்டும் பதிவேடு) வரவு 240 ஆக இருக்க வேண்டும், இருப்பு 206.
2. அடக்கவிலையை மறுகணக்கீடு செய்துவிட்டு ஒரு விற்பனை பில்லின் லாபத்தைப் பாருங்கள்.

முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள். அந்த மாதக் கணக்கை முடித்து, வரி அறிக்கையும் கொடுத்தாகிவிட்டது என்றால் பழைய பில்லைத் தொடாதீர்கள். திருத்தப் பதிவை இன்றைய தேதியில் எப்படிப் போடுவது என்று கணக்காளரிடம் கேளுங்கள். இதே பொருள் 30 பீஸ் பெட்டியிலும் வந்தால் விகிதத்தை மாற்றாமல் அதற்குத் தனி யூனிட்டும் தனி பார்கோடும் வையுங்கள்.