வடக்கே மாத்திரை, தெற்கே துப்பாக்கி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மெக்சிகோவின் போதைக் கும்பல் கொலைகளுக்கு அமெரிக்கா மெக்சிகோவைக் குற்றம் சொல்கிறது, மெக்சிகோ அமெரிக்காவைச் சொல்கிறது. யார் பேச்சில் நியாயம்? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: இரண்டு பேரும் பாதி உண்மை பேசுகிறார்கள். 3,100 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த எல்லையில் வடக்கு நோக்கிப் போதைப்பொருள் போகிறது. தெற்கு நோக்கித் துப்பாக்கியும் ரொக்கமும் வருகின்றன. உள்ளே வருவதைத்தான் ஒவ்வொரு அரசும் சோதிக்கிறது. தன் மண்ணிலிருந்து வெளியே போவதை அபூர்வமாகத்தான் பார்க்கிறது. 2009 மார்ச்சில் மெக்சிகோ சென்ற அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன், அமெரிக்கர்களின் தீராத போதைத் தேவையும், ஆயுதக் கடத்தலைத் தடுக்க முடியாத தன் நாட்டின் இயலாமையும் இந்தச் சாவுகளுக்குக் காரணம் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதற்கு ஏற்ற வேலை நடந்ததா என்பது அடுத்த கேள்வியில்.

கேள்வி: மெக்சிகோவில் துப்பாக்கிச் சட்டம் கடுமை என்கிறார்கள். பிறகு கும்பல்களுக்கு அத்தனை ஆயுதம் எங்கிருந்து? (ஓய்வுபெற்ற காவல் அதிகாரி, வேலூர்)

பதில்: மெக்சிகோ முழுக்கத் தேடினாலும் சட்டப்படி துப்பாக்கி விற்கும் கடைகள் இரண்டுதான்: ஒன்று தலைநகரில், இன்னொன்று மான்டெர்ரே அருகே. இரண்டையும் நடத்துவது ராணுவம். எல்லைக்கு வடக்கே டெக்சாசிலும் அரிசோனாவிலும் உரிமம் பெற்ற கடைகள் ஆயிரக்கணக்கில் உண்டு.

குற்றப் பதிவு இல்லாத ஓர் ஆளைக் கும்பலின் தரகர் பிடிக்கிறார். அந்த ஆள் கடைக்குப் போய், துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற படிவத்தை நிரப்புகிறார். "இதை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று பொய் எழுதுகிறார். பின்னணிச் சோதனையில் அவர் பெயரில் கறை எதுவும் இல்லை; துப்பாக்கி கைக்கு வந்துவிடுகிறது. கூலியாகச் சில நூறு டாலர் கிடைக்கும். சோதனை முடிவு மூன்று வேலை நாளில் வராவிட்டால், முடிவு வராமலே கடைக்காரர் விற்கலாம் என்பது பொது விதி. இப்படிச் சேரும் துப்பாக்கிகள் ஒன்றும் இரண்டுமாகக் கார்களில் தெற்கே போகின்றன. மெக்சிகோவில் இதற்கு "எறும்புக் கடத்தல்" என்றே பெயர். மெக்சிகோ சுங்க வாசலில் எந்தக் காரை நிறுத்துவது என்பதைப் பெரும்பாலும் ஒரு விளக்கு முடிவு செய்கிறது: பச்சை விழுந்தால் போகலாம், சிவப்பு விழுந்தால் சோதனை. பத்துப் பயணத்தில் ஒன்று மாட்டினாலும் நஷ்டம் இரண்டு துப்பாக்கிதான்.

இதைத் துப்பறிவதும் சுலபமில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேட்டை அமெரிக்காவில் தடை செய்திருக்கிறது. ஆகவே மெக்சிகோவில் சிக்கிய துப்பாக்கியின் எண்ணை வைத்துத் தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வர வேண்டும். கடைசியில் கிடைப்பது அந்தப் பொய்ப் படிவத்தில் இருக்கும் பெயர்.

2014 முதல் 2018 வரை மெக்சிகோவில் கைப்பற்றி, மூலம் கண்டறிய அனுப்பப்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 70 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே சொல்கிறது. இது அனுப்பப்பட்டவற்றின் கணக்கு மட்டும். மெக்சிகோவில் உள்ள துப்பாக்கிகளில் 70 சதவீதம் என்று சிலர் எழுதுவது தவறு.

பிறருக்காக வாங்குவதைத் தனிக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2022 ஜூனில்தான் வந்தது. அதுவரை படிவத்தில் பொய் சொன்னதற்குத்தான் வழக்கு. தயாரிப்பாளர்கள் மீதே மெக்சிகோ அரசு 2021இல் போட்ட வழக்கை, 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. துப்பாக்கி நிறுவனங்களுக்கு வழக்குகளிலிருந்து காப்பு தரும் 2005ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவர்களைக் காப்பாற்றியது.

கேள்வி: எல்லை முழுக்கச் சுவர் எழுப்பினால் போதைப்பொருள் நின்றுவிடாதா? (இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: மூட்டை மூட்டையாகக் கஞ்சாவை முதுகில் சுமந்து பாலைவனத்தைக் கடந்த காலத்தில் சுவருக்கு ஏதோ வேலை இருந்தது. ஆய்வகத்தில் செய்யப்படும் வீரியமிக்க செயற்கைப் போதைமருந்தான ஃபென்டனைல் வேறு கதை. 2 மில்லிகிராம் ஓர் ஆளைக் கொல்லப் போதும் என்கிறது அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறை. அது கலந்த போலி மாத்திரை ஒன்றின் எடை ஏறக்குறைய 0.1 கிராம், ஒரு லட்சம் மாத்திரை 10 கிலோ, அதாவது ஒரு பயணப் பெட்டி. 2023 நிதியாண்டு முழுவதும் அமெரிக்கச் சுங்கத்துறை பிடித்த ஃபென்டனைல் மொத்தம் சுமார் 12 டன். ஒரே லாரியில் ஏற்றிவிடலாம்.

இவ்வளவு சிறிய சரக்குக்குப் பாலைவனம் எதற்கு? பிடிபடுவதில் பெரும்பகுதி அதிகாரப்பூர்வ வாசல்களிலும் சாலைச் சோதனைச் சாவடிகளிலும்தான் பிடிபடுகிறது. (பிடிபடாதது எந்த வழியில் போனது என்று இந்தக் கணக்கு சொல்லாது, அதையும் மனதில் வைக்க வேண்டும்.) ஓட்டி வருபவர்களும் பெரும்பாலும் அமெரிக்கர்களே. 2021இல் ஃபென்டனைல் கடத்தலுக்காகக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தண்டித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் அமெரிக்கக் குடிமக்கள். அமெரிக்கக் கடவுச்சீட்டுக்காரரை வாசலில் அதிக நேரம் நிறுத்த மாட்டார்கள் என்பது கும்பலின் கணக்கு.

சான் டியேகோ பக்கமுள்ள சான் இசித்ரோ வாசலில் மட்டும் நாளொன்றுக்குப் பல்லாயிரம் வாகனங்கள் நுழைகின்றன. அதிகாரி ஒரு காருக்கு ஒரு நிமிடம் ஒதுக்கினாலே வரிசை மணிக்கணக்கில் நீளும். 2020 வாக்கில் நூறு கார்களில் இரண்டுக்குத்தான் எக்ஸ்ரே பார்க்கப்பட்டது. பிறகு வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே படமெடுக்கும் ஸ்கேனர்களை வாங்கினார்கள். அவற்றைப் பொருத்தும் கட்டுமான வேலைக்குப் பணம் ஒதுக்காததால் 2024இல் பல கருவிகள் கிடங்கில் கிடந்தன. குதிரை வாங்கிவிட்டுச் சேணத்துக்குக் காசில்லை என்ற கதை!

சுரங்கமும் உண்டு. சான் டியேகோ பக்கம் கண்டுபிடிக்கப்பட்டு 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஒன்று 1,300 மீட்டர் நீளம், சராசரி 21 மீட்டர் ஆழம். உள்ளே தண்டவாளம், காற்று வசதி, மின்சாரம், லிஃப்ட். மேலே சுவர் எவ்வளவு உயரம் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: அப்படியானால் மெக்சிகோ அரசு குற்றமற்றதா? (வழக்கறிஞர், மதுரை)

பதில்: இல்லவே இல்லை. 2006 டிசம்பரில் அன்றைய அதிபர் பெலிப்பே கால்டெரோன் கும்பல்களுக்கு எதிராக ராணுவத்தைத் தெருவில் இறக்கினார். அந்தப் போரைக் களத்தில் நடத்திய பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஹெனாரோ கார்சியா லூனா, மெக்சிகோவின் பெரிய போதைக் கும்பல்களில் ஒன்றான சினலோவா கும்பலிடம் லஞ்சம் வாங்கியவர் என்று 2023இல் நியூயார்க் நடுவர் குழு தீர்ப்பளித்தது. 2024இல் 38 ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை. வேலியே பயிரை மேய்ந்த கதை. அவரைக் கூட்டாளி என்று பல ஆண்டு பாராட்டியது வாஷிங்டன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு பிழை, தலைவனைப் பிடித்தால் கும்பல் ஒழியும் என்ற நம்பிக்கை. 2024 ஜூலையில் சினலோவாவின் மூத்த தலைவர் இஸ்மாயில் சம்பாதா அமெரிக்காவில் கைதானார். செப்டம்பரில் அந்தக் கும்பலின் இரண்டு அணிகள் குலியகான் நகரில் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளத் தொடங்கின. நாற்காலி காலியானால் சண்டை கூடத்தான் செய்யும். கொலை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை தண்டனையில் முடியாத நாட்டில், கொல்வதற்குப் பயமும் இல்லை.

கேள்வி: எல்லையின் தென்புறம் ரத்த ஆறு, வடபுறம் அமைதி. எப்படி? (ஆசிரியை, தூத்துக்குடி)

பதில்: 2010இல் சியூதாத் ஹுவாரெஸ் நகரில் 3,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்க நகரமான எல் பாசோவில் 5 பேர். கும்பல்கள் அடித்துக்கொள்வது "பிளாசா"வுக்காக, அதாவது கடக்கும் வாசலை யார் கையில் வைத்திருப்பது என்பதற்காக. அந்தச் சண்டை தென்புறத்தில்தான் நடக்கும். வடபுறம் அவர்களுக்குச் சந்தை; அங்கே சுட்டால் போலீஸ் வரும், வியாபாரம் கெடும்.

கேள்வி: வங்கிகளுக்குப் பங்கில்லையா? (வங்கி ஊழியர், ஈரோடு)

பதில்: உண்டு. எச்எஸ்பிசி வங்கியின் மெக்சிகோ கிளைகளில், கவுன்ட்டர் ஜன்னலின் அளவுக்கே செய்த பெட்டிகளில் கும்பல்காரர்கள் போதைப் பணத்தை ரொக்கமாகக் கொண்டுவந்து கட்டினார்கள். 2012இல் அந்த வங்கி 190 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தது. யாரும் சிறைக்குப் போகவில்லை.

கேள்வி: இந்தச் சங்கிலியில் இந்தியா எங்கேயும் வருகிறதா? (மருந்தாளுநர், சென்னை)

பதில்: வருகிறது. 2019 மே மாதம் ஃபென்டனைல் வகை முழுவதையும் சீனா கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. அதன்பின் முடிந்த சரக்குக்குப் பதில் அதைத் தயாரிக்கும் மூலப்பொருள்கள் மெக்சிகோவுக்குப் போகத் தொடங்கின. பெரும்பகுதி இன்னும் சீனத்திலிருந்துதான். ஆனால் 2025 ஜனவரியில் குஜராத்தைச் சேர்ந்த இரண்டு ரசாயன நிறுவனங்கள் மீது நியூயார்க்கில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. மூலப்பொருளுக்கு "வைட்டமின் சி" என்று லேபிள் ஒட்டி அனுப்பியதும் அதில் உள்ள குற்றச்சாட்டுகளில் ஒன்று.