கெர்னல் டிரைவரில் தசமக் கணக்கு: மதுரை லினக்ஸ் நண்பர்கள் கேள்வி பதில்

திருநகர்: அண்ணே, கெர்னல் டிரைவர்ல ஃப்ளோட் (தசமப்புள்ளி எண்) போட்டா 'எஸ்எஸ்இ டிஸேபிள்டு'ன்னு எரர். எஸ்எஸ்இ-யை (சிபியுவோட ஃப்ளோட் கட்டளைகள்) தடுக்கிற கம்பைலர் ஃப்ளாக்கை எடுத்துட்டா கம்பைல் ஆகுது. அப்படியே விடலாமா?

விடாதீங்க. புரோகிராம் சிஸ்டம் கால் வழியா கெர்னலுக்குள்ள (லினக்ஸோட மையப் பகுதி) நுழையும்போது சாதா ரெஜிஸ்டர்கள்தான் சேமிக்கப்படும். ஃப்ளோட் கணக்கு நடக்கிற எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்ல யூசர் புரோகிராமோட மதிப்பு அப்படியே கிடக்கும். அதுமேல நீங்க எழுதினா டிரைவர் நல்லா ஓடும், அந்தப் புரோகிராமோட விடை கெடும். ஊப்ஸ் (கெர்னல் பிழை அறிக்கை) வராது, லாக்ல ஒரு வரிகூட இருக்காது.

உசிலம்பட்டி: பூ வைக்கிற குளிர் அறைக்கு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார். ஒரு படி 0.0625 டிகிரி. ஃப்ளோட் இல்லாம எப்படி?

மில்லிடிகிரியில வச்சுக்கோங்க: மதிப்பு × 125 / 2. 401 வந்தா 25062, அதாவது 25.062 டிகிரி. முதல்ல பெருக்கு, அப்புறம் வகு. மாத்தினா பின்னம் போயிடும். சென்சார் தர்ற இரண்டு பைட்டையும் சேர்த்ததும் எஸ்16 (குறியோட வர்ற 16 பிட் முழு எண்) ஆக்குங்க. மறந்தா மைனஸ் அரை டிகிரிக்கு வர்ற 65528, 4095.5 டிகிரின்னு காட்டும். பிரிச்சு அச்சடிக்கும்போதும் கவனம்: -500 / 1000 பூஜ்யம், மைனஸ் குறி காணாம போகும். மில்லிடிகிரியாவே யூசர் பக்கம் அனுப்பிடுங்க.

மேலூர்: பிரிண்ட்கேல (கெர்னல் லாக்ல எழுதற ஃபங்ஷன்) ஃப்ளோட் அச்சடிக்க %எஃப் உண்டா?

கிடையாது.

அண்ணா நகர்: கெர்னல்ல ஃப்ளோட் போடுறதுக்கு முன்னாடி கூப்பிடுற கெர்னல்_எஃப்பியு_பிகின் எதுக்கு இருக்கு? ஏஎம்டி டிஸ்ப்ளே டிரைவரே ஃப்ளோட் போடுதே.

போடுது, ஆனா எப்படின்னு பாருங்க. ஃப்ளோட் வர்ற கோடு தனி ஃபைல்ல, அதுக்கு மட்டும் தனி ஃப்ளாக். பிகின், எண்ட் இரண்டும் அதைக் கூப்பிடுற வேற ஃபைல்ல. ஒரே ஃபங்ஷன்ல எழுதினா கம்பைலர் ஃப்ளோட் கட்டளையை பிகினுக்கு முன்னாடியே நகர்த்திடலாம்.

அண்ணா நகர்: அதையே நானும் செய்யறேன். இன்னைக்கு சிபியுவுக்கு இது ஒரு செலவா?

யூசரோட ஃப்ளோட் ரெஜிஸ்டர்களைச் சேமிக்கணும். எக்ஸ்86ல (இன்டெல், ஏஎம்டி சிபியு) பழைய எஃப்எக்ஸ்சேவ் பகுதியே 512 பைட், ஏவிஎக்ஸ் (அகலமான ரெஜிஸ்டர்கள்) சேர்ந்தா 832. அதைவிட, பிகினுக்கும் எண்டுக்கும் நடுவுல ப்ரீஎம்ப்ஷன் (ஓடுற வேலையை நிறுத்தி வேற வேலைக்கு மாத்துறது) நிக்கும். மியூடெக்ஸ் (பூட்டு), ஜிஎஃப்பி_கெர்னல் அலோகேஷன் (மெமரி கேட்கிறது), இப்படிக் காத்திருந்து தூங்கக்கூடிய எதுவும் ஆகாது. ஒரு பெருக்கலுக்கு இவ்வளவு எதுக்கு? டிஸ்ப்ளே பேண்ட்விட்த் (டேட்டா போற வேகம்) கணக்குக்கு அது நியாயம், சென்சாருக்கு நியாயமில்லை.

திருமங்கலம்: அண்ணா, ஃப்ளோட் போட்டா எரர் வருது...

முதல் பதிலைப் படிங்க தம்பி.

திருப்பரங்குன்றம்: 12 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணா மாத்துற சிப்) மதிப்பை 1000000-ஆல பெருக்கினா மைனஸ்ல வருது.

12 பிட்டோட உச்ச மதிப்பு 4095. 4095 × 1000000 எஸ்32ல (32 பிட் முழு எண்) அடங்காது, எல்லை 2147483647. எஸ்64 எடுங்க. 32 பிட் ஏஆர்எம்ல வெறும் வகுத்தல் குறி போட்டா லிங்க் ஆகாது, கெர்னல் தர்ற டிவ்_எஸ்64 ஃபங்ஷனைப் போடுங்க. மறுபடி சொல்றேன்: முதல்ல பெருக்கு, அப்புறம் வகு.