அயனி மண்டலத்தை அளக்க எந்த ரிசீவர் வாங்குவது? – கேள்வி-பதில்

கேள்வி: திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். மென்பொருள்வழி வானொலிக் கருவி (எஸ்.டி.ஆர்.) ஒன்றை வாங்கி, சிற்றலை ஒலிபரப்பின் டாப்ளர் மாற்றத்தைக் (பாதை நீளம் மாறுவதால் அதிர்வெண்ணில் வரும் மாற்றம்) கொண்டு, சிற்றலையைத் திருப்பி அனுப்பும் மேல் வளிமண்டலப் பகுதியான அயனி மண்டலத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்தை மாணவர்களைப் பதிவு செய்யச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். துறையில் 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். இணையக் கடைகளில் 8 பிட், 14 பிட், 16 பிட் என்று பலவகை இருக்கின்றன. எதை வாங்குவது?

பதில்: பிட் எண்ணிக்கையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, கருவிக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பற்றி முதலில் விசாரியுங்கள். வந்துசேரும் அதிர்வெண்ணைக் கருவி அந்தக் கடிகாரத்தோடு ஒப்பிட்டே அளப்பதால், உங்கள் அளவீட்டின் தரத்தைத் தீர்மானிக்கப்போவது அதுதான்.

காலையில் சூரிய ஒளி பட்டதும் அலையைத் திருப்பும் அயனி அடுக்கு கீழிறங்குகிறது. அலை கடக்கும் பாதை சுருங்குவதால், நமக்கு வந்துசேரும் அதிர்வெண் சற்றே உயர்கிறது. மாலையில் அடுக்கு மேலேறும்போது இது தலைகீழாக நடக்கிறது. 10 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பில் இந்த மாற்றம் ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கும். அதாவது ஒரு கோடியில் ஒரு பங்கு. விளம்பரங்களில் பெருமையாகச் சொல்லப்படும் டி.சி.எக்ஸ்.ஓ. என்ற வெப்ப ஈட்டுக் கடிகாரத்தின் துல்லியமோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 10 மெகாஹெர்ட்ஸில் அது 10 ஹெர்ட்ஸ் பிழைக்குச் சமம். ஆய்வகத்தில் மின்விசிறியைப் போட்டாலோ, ஜன்னல் வெயில் கருவியின் மீது விழுந்தாலோ வரைபடத்தில் ஒரு வளைவு தோன்றும். அதை மாணவர்கள் அயனி மண்டலத்தின் அசைவு என்று எழுதிக்கொண்டு வருவார்கள். 16 பிட் கருவி வாங்கினாலும் இந்தச் சிக்கல் தீராது.

தீர்வு, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் நேரத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கடிகாரம் (ஜி.பி.எஸ்.டி.ஓ.). அமெரிக்காவில் ஹாம்சை என்ற அமெச்சூர் வானொலி அறிவியல் குழுவினர், கொலராடோவில் உள்ள டபிள்யூ.டபிள்யூ.வி. நேர ஒலிபரப்பை (துல்லியமான அதிர்வெண்ணில் நேரத்தை அறிவிக்கும் நிலையம்) அளக்க ‘கிரேப்’ என்ற மலிவான ரிசீவரை வடிவமைத்தபோது, ரிசீவரை எளிமையாக வைத்துக்கொண்டு கடிகாரத்தை ஜி.பி.எஸ்ஸுடன் பிணைத்தார்கள். 2023 அக்டோபர் 14, 2024 ஏப்ரல் 8 ஆகிய நாள்களின் சூரிய கிரகணங்களை அவர்கள் கூட்டாகப் பதிவு செய்ததும் இந்த முறையில்தான்.

உங்களுக்கு டபிள்யூ.டபிள்யூ.வி. மிகத் தொலைவு. சீனாவின் ஷான்சி (Shaanxi) மாகாணத்திலிருந்து வரும் பி.பி.எம். நேர ஒலிபரப்பு 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ்களில் உண்டு. திருநெல்வேலிக்கு அது நாலாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரே தாவலில் இவ்வளவு தூரம் எட்டாது என்பதால் அலை குறைந்தது இருமுறை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். ஆகவே நீங்கள் அளப்பது கல்லூரிக்கு நேர்மேலே உள்ள வானத்தை அல்ல, வங்காள விரிகுடாவுக்கும் தென்மேற்குச் சீனாவுக்கும் மேலே உள்ளதை. ஆய்வறிக்கையில் இதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அதே அதிர்வெண்களில் வேறு நாட்டு நேர நிலையங்களும் இருப்பதால் சமிக்ஞைகள் கலந்து வரும் வாய்ப்பும் உண்டு. எனவே பணம் கட்டும் முன், இணையத்தில் எவரும் இலவசமாக இயக்கக்கூடிய கிவி எஸ்.டி.ஆர். நிலையங்களில் தெற்காசியாவில் உள்ள ஒன்றைத் திறந்து, எந்த நேரத்தில் எந்த ஒலிபரப்பு தெளிவாக வருகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி பட்ஜெட். ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். வகை டாங்கிள் (கணினியில் செருகும் சிறு எஸ்.டி.ஆர். கருவி) வெளிநாட்டில் சுமார் 30 முதல் 40 டாலர். இதில் மூன்றாம் பதிப்பு சிற்றலையை நேரடி மாதிரியெடுப்பில் (வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றாமல் அப்படியே எண்களாக்கி) வாங்குகிறது. அதன் கடிகாரம் 28.8 மெகாஹெர்ட்ஸ் என்பதால், 18.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள வலுவான சமிக்ஞை மடிந்து உங்கள் 10 மெகாஹெர்ட்ஸ் மேலேயே வந்து உட்காரும். நான்காம் பதிப்பு அதிர்வெண்ணை மேலேற்றி வாங்குவதால் இந்தக் குறை இல்லை. ஆனால் வெளிக்கடிகாரம் இணைப்பதற்கு மூன்றாம் பதிப்பின் பலகையில் இடம் விட்டிருக்கிறார்கள். பற்றவைக்கத் தெரிந்த ஒருவர் துறையில் இருந்தால், டாப்ளர் வேலைக்கு நான் அதையே சொல்வேன், மடிந்து வரும் சமிக்ஞையைத் தடுக்க முன்னால் ஒரு வடிகட்டியுடன். 28.8 மெகாஹெர்ட்ஸ் தரக்கூடிய ஜி.பி.எஸ். கடிகாரம் டாங்கிளைவிடப் பலமடங்கு விலை. சுங்கவரியும் சேர்ந்தால் 15,000 ரூபாய் போதாமல் போகலாம்.

போதாவிட்டால் திட்டப்பணியைக் கைவிட வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள். சூரியப் பிழம்பு வெடிக்கும்போது வரும் எக்ஸ் கதிர், அயனி மண்டலத்தின் அடி அடுக்கைத் தடிக்கச் செய்து பகல்நேரச் சிற்றலையை விழுங்கிவிடுகிறது. சமிக்ஞை வலிமை எந்த நிமிடத்தில் சரிந்தது, எவ்வளவு நேரத்தில் மீண்டது என்று பதிவு செய்ய உயர்தரக் கடிகாரம் தேவையில்லை; டாங்கிளும் நீளமான கம்பியும் போதும். அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் அளக்கும் எக்ஸ் கதிர் அளவு பொதுவெளியில் கிடைப்பதால், இரண்டையும் ஒப்பிடலாம். முதலாண்டு இதைச் செய்துவிட்டு, அடுத்த ஆண்டு அந்தத் தரவைக் காட்டிக் கடிகாரத்துக்குப் பணம் கேட்பதே நடைமுறைக்கு ஒத்த வழி என்பது என் கருத்து.

ஆண்டெனாவுக்குத் தனியாகச் செலவிட வேண்டாம். 10 மெகாஹெர்ட்ஸுக்கான அரையலை டைபோல், மொத்தம் 14 மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள செம்புக் கம்பிதான். எல்.இ.டி. விளக்கு, மொபைல் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் மூன்றும் சிற்றலையில் பெருத்த இரைச்சல் கிளப்புபவை. கட்டடத்திலிருந்து கம்பியை எவ்வளவு தள்ளிக் கட்டுகிறீர்களோ அவ்வளவு நல்லது. பெரிய ஹார்டு டிஸ்கும் வேண்டாம். விநாடிக்கு 24 லட்சம் மாதிரிகளை அப்படியே சேமித்தால் ஒரு நாளைக்கு 400 ஜி.பி.யைத் தாண்டும். எஃப்.எல்.டிஜி என்ற இலவச மென்பொருளின் அதிர்வெண் பகுப்பாய்வு முறையோ, அதிர்வெண் அகலத்தைச் சில ஹெர்ட்ஸாகக் குறைத்துச் சேமிக்கும் சிறு நிரலோ இருந்தால் ஒரு நாளின் பதிவு சில மெகாபைட்டுக்குள் அடங்கும்.

கேள்வி: இதே டாங்கிள் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: எச்சரிக்கையாக இருங்கள். புகழ்பெற்ற டாங்கிள்களுக்குப் போலிகள் ஏராளம். மேலட்டையில் டி.சி.எக்ஸ்.ஓ. என்று அச்சிட்டு உள்ளே சாதாரணப் படிகத்தை வைத்திருப்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆறிய நிலையில் கணினியில் செருகி, நிலையான ஊர்தி அலை (ஒலிபரப்பைச் சுமந்து வரும் அடிப்படை அலை) ஒன்றைத் திரையில் அரை மணி நேரம் கவனியுங்கள். கருவி சூடேறச் சூடேற 10 மெகாஹெர்ட்ஸில் சில ஹெர்ட்ஸ் நகர்ந்தால் பரவாயில்லை. நூறு ஹெர்ட்ஸ், இருநூறு ஹெர்ட்ஸ் என்று நகர்ந்தால் அது நீங்கள் கேட்ட பொருளல்ல. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். உள்நாட்டு விற்பனையாளரிடம் ஜி.எஸ்.டி. ரசீதுடன் வாங்கினால், பொருள் மாறிவந்தால் கேட்பதற்கு ஓர் ஆதாரம் கையில் இருக்கும்.

கேள்வி: ஜி.பி.எஸ். சமிக்ஞையிலிருந்து மொத்த எலக்ட்ரான் அளவை (சமிக்ஞை வரும் பாதையில் உள்ள எலக்ட்ரான்களின் கூட்டு அளவு) கணக்கிடவும் எஸ்.டி.ஆர். வாங்கலாமா?

பதில்: அதற்கு எஸ்.டி.ஆர். வேண்டாம். 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கி, இரண்டுக்கும் இடையிலான தாமத வேறுபாட்டைக் காண வேண்டும். மலிவு டாங்கிளால் அது ஆகாது. யூபிளாக்ஸ் நிறுவனத்தின் இசட்.இ.டி. எஃப்9பி போன்ற இரட்டை அதிர்வெண் தொகுதி கச்சா அளவீடுகளை நேரடியாகவே தருகிறது. காந்த நடுக்கோட்டை (புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோடு) ஒட்டியுள்ள திருநெல்வேலிக்கு இது மிகப் பொருத்தமான ஆய்வு. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அமைந்ததும் இந்த இட அமைப்பினால்தான். தொகுதியை வாங்குமுன் மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்ல அனுமதி கேட்டு எழுதுங்கள்.