பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுத்தால் நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கும்?

மகன் பத்தாவதில் 460-க்கு மேல் எடுத்திருக்கிறான், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கேட்கிறான், சொந்தக்காரர்களோ மேத்ஸ்-பயாலஜி எடுத்தால் இன்ஜினியரிங், மெடிக்கல் இரண்டுக்கும் வழி இருக்கும் என்கிறார்கள், எதைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் என்று படித்ததுமே எனக்குப் பாதி கதை புரிந்துவிட்டது. உங்கள் வீட்டில் அது யாரோ, எங்கள் வீட்டில் என் அண்ணன்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பையனுக்கே டாக்டர் ஆசை இல்லையென்றால் பயாலஜி வேண்டாம். அவன் கேட்பதைக் கொடுங்கள். கணிதம் மட்டும் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு இருந்த காலம் 2007-லேயே முடிந்துவிட்டது. இப்போது பிளஸ் டூ மார்க்கை வைத்து 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நான்காவது பாடம் பயாலஜியோ கம்ப்யூட்டர் சயின்ஸோ, இந்தக் கணக்கிலேயே வராது. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்றால் கணித மார்க், அப்புறம் இயற்பியல் மார்க் என்று பார்த்துவிட்டு அதற்குப் பிறகுதான் நான்காவது பாடத்தின் பக்கமே திரும்புவார்கள். இது தெரியாமல் எத்தனை வீடுகளில் ராத்திரி உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள் தெரியுமா!

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் ஈரோட்டுப் பக்கம். மகளைப் பிளஸ் ஒன் சேர்க்கப் போனபோது அண்ணனும் கூடவே வந்தார். தலைமையாசிரியர் மார்க் ஷீட்டைப் பார்த்தார், எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, விண்ணப்பத்தில் குரூப் என்ற இடத்தில் பென்சிலால் மேத்ஸ்-பயாலஜி என்று எழுதிவிட்டார். “கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணுங்க சார்” என்றேன். “ஏனுங்க, இவ்வளவு மார்க் வாங்குன புள்ளைக்குப் பயாலஜி வேண்டாம்னா எப்படிங்க?” என்றார். அண்ணன் உடனே, “அதத்தானுங்க நானும் காலையில இருந்து சொல்றேன்” என்று அவரோடு சேர்ந்துகொண்டார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் குரூப்போடு நீட் பயிற்சியையும் சேர்த்து நடத்துகிறார்களாம், அதற்குத் தனிக் கட்டணமாம். தொகையைக் கேட்டதும் அண்ணனே ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

என் மகள் ஒன்றும் பேசவில்லை. பவுச்சிலிருந்து ரப்பரை எடுத்தாள், விண்ணப்பத்தைத் தன் பக்கம் திருப்பினாள், அழித்தாள், பேனாவால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எழுதினாள். ரப்பர் தூளைக்கூட ஊதித் தள்ளிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். தலைமையாசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கு வரவில்லை.

அவளுடைய தோழி ஒருத்தி, பக்கத்துத் தெரு, மேத்ஸ்-பயாலஜியில் சேர்ந்தாள். நம் பாடத்திட்டத்தில் பயாலஜி என்பது பெயருக்குத்தான் ஒரு பாடம். தாவரவியல் தனிப் புத்தகம், விலங்கியல் தனிப் புத்தகம், ரெக்கார்டு நோட்டும் இரண்டு. இருவிதையிலைத் தாவர வேரின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் பென்சில் சீவிச் சீவி வரைந்துகொண்டிருப்பாள், அந்த நேரத்தில் என் மகள் இயற்கணிதக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். இத்தனைக்கும் அந்தப் பெண் நீட் எழுதப் போவதில்லை என்று பத்தாவது லீவிலேயே தெளிவாகச் சொன்னவள். வழி இருக்கட்டும் என்றுதான் வீட்டில் எடுக்க வைத்தார்கள். அந்த வழிக்கு விலை வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

என் மகளுக்குக் கணிதத்தில் 99, கட்-ஆஃப் 194.5. கோவையில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படிக்கிறாள். அண்ணன் இன்னமும், “பயாலஜி எடுத்திருந்தா இந்நேரம் எம்பிபிஎஸ்” என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஒரு பிள்ளையை வைத்து ஊருக்கே உபதேசமா என்று சண்டைக்கு வருவீர்கள், தெரியும். மேத்ஸ்-பயாலஜி படித்துக் கட்-ஆஃப் 200 வாங்கிய பிள்ளைகளும் இருக்கிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. பயாலஜி வீண் என்றும் சொல்லவில்லை. நீட்டில் 180 கேள்விக்கு 90 உயிரியல்தான். கால்நடை மருத்துவம், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கு நம் மாநில ஒதுக்கீட்டில் நீட் இல்லாமல் பிளஸ் டூ மார்க்கிலேயே சேர்க்கிறார்கள், அங்கே உயிரியல் மார்க் எண்ணப்படும். பையனுக்கு ஆடு, மாடு, வயல் என்று ஈடுபாடு இருந்தால் தாராளமாக எடுக்கட்டும். ஆனால் கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸில் மட்டும் அரைமனதாகப் போய் உட்கார வேண்டாம். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் போகும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் சேரக்கூட கியூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வில் கணிதம் எழுதியிருக்க வேண்டும்.

ஐஐடி, என்ஐடி என்று நினைப்பிருந்தால் கதை வேறு. அவற்றுக்கான நுழைவுத்தேர்வான ஜேஇஇ-யில் பிளஸ் ஒன் பாடமும் பிளஸ் டூ பாடமும் சேர்ந்தே வரும். சில பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அப்படிப் படித்துவிட்டு அந்தத் தேர்வுக்குப் போனால் பாதி வினாத்தாள் புரியாது.

நீங்கள் எந்தப் பள்ளி என்று எழுதவில்லை. ஒருவேளை பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவனாக இருந்தால், பிளஸ் ஒன்னுக்காகத் தனியாருக்கு மாற்றாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-லும் பொறியியலுக்கு 2021-லும் வந்தது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இரண்டு வருட ஏசி வகுப்புக்காக அதை விடுவதா?

கேட்காத விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன். பிளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடு, மார்க் அள்ளலாம் என்று ஒருவர் உங்களிடமும் வருவார். எங்களிடம் பள்ளி அலுவலகத்திலேயே சொன்னார்கள். மொழிப்பாட மார்க் பொறியியல் கட்-ஆஃபில் கிடையாது. அரசு கலைக் கல்லூரிகளின் பொதுத் தரவரிசைகூட நான்கு முக்கியப் பாடங்களின் 400-க்குத்தான். பிறகு மொழிப்பாடத்தையும் சேர்த்து வரும் அந்த 600-க்கு 590 யாருக்கு? பள்ளி வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸுக்கு! பத்து வருடம் தமிழ் படித்த பிள்ளை, கடைசி இரண்டு வருடத்தில் பாடப் புத்தகத்தைப் பிரித்து நாலு கவிதை படிக்க இருந்த வாய்ப்பையும் ஒரு போர்டுக்காகப் பறிக்கிறார்கள். யாராவது பிரெஞ்சை ஆசைப்பட்டுப் படித்தால் சந்தோஷம், நான் சொல்வது அவர்களை இல்லை.

சரி, விண்ணப்பம் வாங்கப் போகும்போது பிளஸ் டூ கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை வருடமாக இருக்கிறார் என்று விசாரியுங்கள். கட்டணத்தை அதற்குப் பிறகு கேட்டால் போதும். குரூப் ஒத்துவரவில்லை என்று பையன் சொன்னால் சேர்ந்த முதல் சில வாரங்களுக்குள்ளேயே போய் மாற்றிக் கேளுங்கள். காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் பாடமும் ஓடியிருக்கும், பள்ளியிலும் முகம் கொடுக்க மாட்டார்கள்.