மகள் ‘மண் துப்பரவாக்கும்’ படிப்பைக் கேட்கிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அக்கா,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தது. பதினோராம் வகுப்பில் இருக்கும் மகள் கெட்ட மண்ணையும் நீரையும் சரிசெய்யும் சுற்றாடல் பொறியியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். கம்ப்யூட்டர் சயன்ஸ் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்தது உங்கள் கேள்வி: “ஆற்றங்கரையில் புல் நடுகிறவர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?” அவள் எதைப் படிப்பது என்பதை அவளிடமே விடுவோம். சம்பளக் கேள்வி நியாயமானது, அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

அவள் பள்ளிக்கூடத்தோடு போய்ப் பார்த்து மனதைப் பறிகொடுத்த இடம் ரொறன்ரோ நகர மையத்துக்குத் தென்கிழக்கே இருக்கும் போர்ட் லாண்ட்ஸ், டொன் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழும் இடம். நூறு வருடத்துக்கு முன் அங்கே இருந்தது பெரிய சதுப்பு நிலம். 1912க்குப் பிறகு அதை நிரப்பித் தொழிற்சாலைக் காணியாக்கினார்கள். ஆற்றை ஒரு செங்கோணத் திருப்பத்தில் மடக்கிக் கொங்கிரீட் வாய்க்காலுக்குள் விட்டார்கள். காணியில் எண்ணெய்த் தாங்கிகள், நிலக்கரி, உப்புக் குவியல் என்று ஒவ்வொன்றாக வந்து மண்ணும் கெட்டது, நிலத்தடி நீரும் கெட்டது. 1969இல் ரொறன்ரோ பல்கலைக்கழக மாணவர்கள் டொன் ஆற்றுக்கு ஊர்வலம் வைத்துச் செத்தவீடே நடத்தினார்கள். நிலைமை அவ்வளவு மோசம்.

2017இல் மத்திய, மாகாண, நகர அரசுகள் மூன்றும் சேர்ந்து 125 கோடி டொலர் ஒதுக்கின. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய ஆற்றுப் பள்ளத்தாக்கையே வெட்டினார்கள். 2024இல் தண்ணீர் விட்டார்கள், 2025 ஜூலையில் பூங்கா திறந்தது. அதனால் ஏறத்தாழ 240 ஹெக்டேயர் நிலம் வெள்ள அபாயத்திலிருந்து தப்பியது. பக்கத்தில் உருவான தீவில் ஆயிரக்கணக்கில் வீடுகள் வரப்போகின்றன. வெள்ளம் போகும் வழியைச் சரிசெய்யாமல் அந்தக் காணியில் வீடு கட்ட முடியாது. பணம் வந்ததற்கு முக்கியமான காரணம் அதுதான். பறவைகள் மேல் உள்ள அன்பு மட்டும் இவ்வளவு காசைக் கொண்டு வந்திருக்காது.

இனி அந்த ஆற்றின் அடியைப் பாருங்கள். கெட்ட மண்ணில் ஒரு பகுதி இன்னும் கீழேதான் இருக்கிறது. அதிலிருக்கும் எண்ணெய்க் கழிவு புது ஆற்றுக்குள் கசியக் கூடாது என்பதற்காக மணல், கழிவை உறிஞ்சிப் பிடிக்கும் கரி, தண்ணீர் புகாத களிமண் விரிப்பு என்று அடுக்கிவிட்டு, அதற்கு மேல்தான் கல்லும் மரக்குற்றியும் செடியும் வைத்தார்கள். கரை மண் கரைந்து போகாமல் பிடிப்பதற்குத் தேங்காய்த் தும்புப் பாய் சுற்றினார்கள். ஊரில் தும்புத்தடி கட்டுகிற அதே தும்புதான் அக்கா. செடியின் வேர் கரையைப் பிடிக்கும் வரைக்கும் தாங்கிவிட்டுப் பிறகு அது உக்கிப்போகும். தோண்டும்போது பழைய சதுப்பின் மண் வெளியே வந்ததும், பல பத்தாண்டுகளாகப் புதைந்து கிடந்த விதைகள் தாமாகவே கோரையாக முளைத்தன. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து அந்த மண்ணை எடுத்துப் போனார்கள். மகள் மயங்கியது இதில்தான் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, சம்பளம். ஒன்ராறியோவில் 153/04 என்று ஓர் ஒழுங்குவிதி இருக்கிறது. தொழிற்சாலையோ பெற்றோல் ஷெட்டோ ட்ரை கிளீனிங் கடையோ இருந்த காணியில் வீடு கட்டவேண்டுமென்றால், அந்த நிலத்தின் நிலைமையை ஆராய்ந்து அரசாங்கத்திடம் பதிய வேண்டும். அதில் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. உரிமம் உள்ள பொறியியலாளர் அல்லது மண்ணையும் பாறையையும் ஆராயும் உரிமம் உள்ள புவி விஞ்ஞானிதான் போடலாம். இந்தத் துறையில் நிரந்தரமான வருமானம் அந்தக் கையெழுத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. போர்ட் லாண்ட்ஸ் மாதிரி வேலை எப்போதாவது ஒரு தடவை வரும். பழைய பெற்றோல் ஷெட் இருந்த காணியில் கொண்டோ அடுக்குமாடி கட்டுகிற வேலை ரொறன்ரோவின் ஸ்காபரோ பக்கத்திலேயே வரும்.

முதற்கட்ட ஆய்வில் தோண்டுவதில்லை. பழைய காப்புறுதி வரைபடங்களையும் வான்படங்களையும் புரட்டி, 250 மீட்டர் சுற்றுவட்டத்தில் முன்பு என்ன இருந்தது என்று துப்பறிய வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டாம் கட்டம். இயந்திரம் குழாயை இறக்கி மண்ணை உருளையாக எடுத்துத் தரும். புதிதாகச் சேர்ந்த பிள்ளை பக்கத்தில் நின்று நிறம், ஈரம், மணம் எல்லாம் எழுதி, கண்ணாடிப் போத்தலில் அடைத்து, லேபல் ஒட்டி, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற படிவத்தோடு லாபுக்கு அனுப்ப வேண்டும். பெப்ரவரியிலும் இதே வேலைதான். முதல் இரண்டு மூன்று வருடம் மகள் சேற்றுச் சப்பாத்தோடுதான் வீட்டுக்கு வருவாள், இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். தொடக்கச் சம்பளம் மென்பொருள்காரர் அளவுக்கு இருக்காது. வீடு கட்டுகிற வியாபாரம் படுத்தால் இந்த வேலையும் கொஞ்சம் படுக்கும். உரிமம் கைக்கு வந்தபின் நிலைமை வேறு.

அந்த உரிமத்துக்குப் பட்டத்தோடு 48 மாத அனுபவமும் வேண்டும். ஆகவே கம்பஸ் பெயரைவிட, அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டமா என்று முதலில் பாருங்கள். வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் பொறியியலும் இருக்கிறது, மண்ணோடும் பாறையோடும் புழங்கும் புவிப் பொறியியலும் இருக்கிறது. அங்கே பொறியியல் மாணவர் எல்லோருக்கும் கோ-ஒப் கட்டாயம், படிக்கும்போதே வேலை செய்து சம்பளமும் எடுக்கலாம். உங்கள் செலவுக் கவலைக்கு அது பாதிப் பதில். குவெல்ஃபிலும் சுற்றாடல் பொறியியல் உண்டு.

மகளுக்கு வரைதலிலும் வடிவமைப்பிலும்தான் ஆசை என்றால் குவெல்ஃபில் நிலத்தோற்றக் கட்டடக்கலைப் பட்டம் இருக்கிறது. போர்ட் லாண்ட்ஸ் ஆற்றை வடிவமைத்த நிறுவனமும் அந்தத் துறைதான். செடி, மீன், பறவை என்றால் உயிரியல் படித்துவிட்டு வாழிட மீட்புச் சான்றிதழ் ஒன்றைச் செய்யலாம். நல்ல படிப்பு, ஆனால் அந்தப் பக்கத்து வேலைகளில் பல கோடைகால ஒப்பந்தமாகத்தான் தொடங்கும். “சுற்றாடல் கற்கை” என்று வருகிற கலைப் பட்டங்கள் கொள்கை, சட்டம் விரும்புகிறவர்களுக்கு. மகள் அதை எடுத்துவிட்டு நில ஆய்வில் கையெழுத்துப் போட நினைத்தால் கதவு திறக்காது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பல பிள்ளைகள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

கம்ப்யூட்டர் விட்டுப்போகிறதே என்று கவலைப்பட வேண்டாம். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடும், எண்ணெய் எவ்வளவு தூரம் பரவும் என்பதையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் மாதிரி ஓடவிட்டுத்தான் பார்க்கிறார்கள். கோடிங் தெரிந்த சுற்றாடல் எஞ்சினியருக்குக் கிராக்கி உண்டு.

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில், பன்னிரண்டில் ஃபிசிக்ஸை விட்டுவிட்டு பயோலஜி எடுக்கப்போகிறாள் என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிற்பாட்டுங்கள். பொறியியலுக்கு அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கல்குலஸ், கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், இங்கிலிஷ் ஐந்தும் வேண்டும். ஆறாவது பாடமாக பயோலஜி எடுக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. பாடத் தெரிவு பூட்டுவதற்கு முன் பள்ளிக்கூட வழிகாட்டல் ஆசிரியரோடு பேசி மாற்றிவிடுங்கள். அடுத்த வருடம் விண்ணப்பம் ஜனவரி நடுப்பகுதிக்குள் போகவேண்டும்.

மகளின் பதினோராம் வகுப்புக் கணிதம், கெமிஸ்ட்ரி மார்க்கை எனக்கு அனுப்புங்கள். எந்தக் கம்பஸ் கைக்கு எட்டும் என்று பார்த்து எழுதுகிறேன்.