தட்டு சுழலுது, சுருதி இறங்குது: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு இசைத்தட்டு பற்றி வந்த கேள்விகளில் பாதி, எந்த றொக் அல்பம் பெரிது என்ற வழக்கு. மற்றப் பாதி, பிளேயர் சரியாகப் பாடவில்லை என்ற முறைப்பாடு. பிளேயரைத் திருத்திய பிறகு வழக்குக்கு வருவதே முறை என்பதால் அந்த வரிசையிலேயே பதில் தருகிறோம்.

கேள்வி (மாங்குளம்): அக்கா கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்த றெக்கோட் பிளேயர். 120 வோல்ட் என்றபடியால் ட்ரான்ஸ்போமர் வைத்துத்தான் போடுகிறேன். பாட்டு இழுபட்டுப் போகிறது, பாடகரின் குரலும் தடிக்கிறது. பெல்ட் மாற்றியும் பலனில்லை. என்ன பிழை?

பதில்: பெல்ட்டில் பிழை இல்லை. ட்ரான்ஸ்போமர் வோல்டேஜை மட்டும் குறைக்கும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை அது தொடாது. கனடாவில் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50 ஹேர்ட்ஸ். பழைய பெல்ட் பிளேயர்கள் பலவற்றில் இருப்பது ஏசி சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகம் அதிர்வெண்ணோடு கட்டுண்டது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வரவேண்டிய தட்டு உங்கள் வீட்டில் 27.8 சுற்றுத்தான் வருகிறது. ஐந்து நிமிடப் பாட்டு ஆறு நிமிடம் ஓடும். சுருதியோ, கீபோட்டில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால் மூன்று கட்டை இறங்கிவிடும்.

திருத்த வேண்டியது மோட்டார் தண்டில் இருக்கும் சின்னக் கப்பியை. முதலில் தட்டைத் தூக்கிக் கீழே பாருங்கள். சில பிளேயர்களில் 50, 60 இரண்டுக்கும் கப்பி சேர்ந்தே வரும், பெல்ட்டை மாற்றிப் போட்டால் போதும். அப்படி இல்லையென்றால் லேத் பட்டறையில் பித்தளையில் புதுக் கப்பி கடையலாம். வெறும் விட்டத்தை 1.2 ஆல் பெருக்கினால் சிறு பிழை வரும், பெல்ட்டின் தடிப்பையும் சேர்க்க வேண்டும். கப்பி 10 மில்லிமீற்றர், பெல்ட் 0.6 மில்லிமீற்றர் என்றால் இரண்டையும் கூட்டி 10.6, அதை 1.2 ஆல் பெருக்க 12.72, அதிலிருந்து பெல்ட்டின் 0.6 ஐக் கழிக்க 12.12. கப்பியின் நடுப்பகுதி இலேசாகப் புடைத்திருக்க வேண்டும், அப்போதுதான் பெல்ட் நழுவாது. தண்டுத் துளை நடுவை விட்டு மயிரிழை விலகினாலும் நீண்ட பியானோ ஒலி அலையாடும். பழைய கப்பியில் ரேப் சுற்றித் தடிப்பாக்கும் வழக்கமும் இருக்கிறது. நம் வெயிலுக்கு அந்தப் பசை இளகி இரண்டு வாரத்தில் பெல்ட்டையும் கெடுத்துவிடும், செய்யாதீர்கள். டிசி மோட்டார் பிளேயர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவற்றில் வேகத்தைத் திருத்தும் சின்னத் திருகு பெரும்பாலும் மோட்டாரின் அடியிலோ பெட்டியின் கீழோ இருக்கும்.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. லேபல் ஓரத்தில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டி, ஊசியைத் தட்டில் வைத்தபடியே எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வரவேண்டும். ஊசி இல்லாமல் எண்ணினால் உராய்வு கணக்கில் வராது. புள்ளி அச்சிட்ட ஸ்ட்ரோப் தட்டு வாங்கினால் 50 ஹேர்ட்ஸ் வட்டத்தைப் பாருங்கள், அதில் 33⅓ க்கு 180 புள்ளி இருக்கும். வேகம் சரியென்றால் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். சில எல்ஈடி பல்புகள் துடிக்காமல் எரிவதால் அவற்றின் வெளிச்சத்தில் புள்ளி நிற்காது. பழைய இழை பல்பே நல்லது.

கரண்ட் போனால் ஜெனரேற்றரில் போடுவோருக்கும் ஒரு சொல். சின்ன ஜெனரேற்றரின் அதிர்வெண் பாரத்தோடு ஏறி இறங்கும். பக்கத்தில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் கிற்றார் சுருதி சறுக்கும். சோலார் வைத்திருப்போர் தூய சைன் அலை தரும் இன்வேர்ட்டரையே பாவியுங்கள். மற்ற வகையில் மோட்டார் சூடேறும், ஸ்பீக்கரில் ரீங்காரமும் ஏறும்.

கேள்வி (கிளிநொச்சி): ஊசி துள்ளுகிறது. ஊசித் தலையில் ஒரு ரூபாய்க் குற்றியை ஒட்டினால் நிற்கிறது. அப்படியே விடலாமா?

பதில்: உடனே கழற்றுங்கள். துள்ளல் அடங்கியிருக்கலாம், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பாட்டுப் பதிந்த பள்ளத்தின் சுவர் அரைபடுகிறது. ஊசிப் பாரத்தை, ஊசி பொருந்தியிருக்கும் தலையான காட்ரிஜ்ஜுக்கு ஏற்பத்தான் வைக்க வேண்டும். ஓடியோ-ரெக்னிக்கா விஎம்95ஈ க்கு 1.8 முதல் 2.2 கிராம், ஓர்ட்டோஃபோன் 2எம் றெட்டுக்கு 1.8 கிராம். சூட்கேஸ் பிளேயர்களில் வரும் செராமிக் வகை 3 கிராமுக்குக் குறைந்தால் ஓடாது, 5 வரை கேட்பதும் உண்டு. குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பதும் பிழை. பாரம் போதாத ஊசி பள்ளத்துக்குள் தாவித் தாவி அடிக்கும், உரத்த இடங்களில் குரல் கிழியும்.

வைக்கும் முறை: அன்ரிஸ்கேட்டை (ஊசி உள்நோக்கி இழுபடாமல் தடுக்கும் திருகு) பூச்சியத்தில் விட்டு, ஊசி எதிலும் படாமல் ஊசிக் கை கிடைமட்டமாக மிதக்கும்வரை அதன் பின்பக்கப் பாரத்தைத் திருப்புங்கள். மிதந்ததும் இலக்க வளையத்தை மட்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பாரத்தையும் வளையத்தையும் சேர்த்துத் திருப்பி வேண்டிய கிராமில் நிறுத்தி, அன்ரிஸ்கேட்டையும் அதே இலக்கத்தில் வையுங்கள். நகைக்கடைக்காரர் பாவிக்கும் 0.01 கிராம் டிஜிற்றல் தராசு கிடைத்தால் சரிபார்க்கலாம். தராசுத் தட்டு இரும்பாக இருந்தால் காட்ரிஜ்ஜின் காந்தம் இழுத்துப் பொய்க் கணக்குக் காட்டும். ஊசி இறங்கும் இடம் தட்டின் மேற்பரப்பு உயரத்திலேயே இருக்கவேண்டும்.

பாரம் சரியாகியும் துள்ளினால் ஊசி நுனியைப் பாருங்கள். ஏ9 வீதியோரத்து வீடுகளில் செம்புழுதி திரண்டு நுனியில் பஞ்சுபோல் தொங்கும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டும் தட்டுங்கள். அடுத்தது மேசை மட்டம், அதற்கடுத்தது பலகைத் தரை. நடக்கும்போது துள்ளினால் சீமெந்துச் சுவரில் பிரக்கெற் அடித்து அதன்மேல் பிளேயரை ஏற்றுங்கள்.

பிழை எப்போதும் வீட்டுக்காரரிடம்தான் என்றும் இல்லை. 1969 இல் வந்த லெட் செப்பலினின் இரண்டாவது அல்பத்தை ஒலிப்பொறியாளர் றொபேட் லட்விக், தட்டு அச்சிடுவதற்கான மூலத் தட்டில் மிக உரப்பாக வெட்டியிருந்தார். மலிவுப் பிளேயர்களில் ஊசி தாவுகிறது என்று முறைப்பாடு வர, ஒலிமட்டத்தைக் குறைத்து மறுபடி வெட்டினார்கள். லேபலுக்குப் பக்கத்து வெற்றுப் பகுதியில் 'ஆர்எல்' என்று கீறிய அந்த முதல் தட்டுக்கு இன்று அலைகிறார்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): மாரி முடிந்து பெட்டியைத் திறந்தால் தட்டெல்லாம் வெள்ளைப் புள்ளி. கழுவலாமா? எதனால்?

பதில்: பூஞ்சணம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கடதாசி உறைதான் அதற்குச் சாப்பாடு, தட்டு இல்லை. எனவே தட்டைக் கழுவி அதே உறைக்குள் திரும்ப வைப்பது வீண் வேலை. உள்ளுறையை எறிந்துவிட்டு பொலித்தீன் உறை போடுங்கள். மட்டை அட்டையை உலர்ந்த துணியால் துடைத்துச் சிறிது நேரம் வெயில் காட்டலாம். தட்டுக்கு வெயில் காட்டவே கூடாது.

ஒரு லீற்றர் கலவைக்கு: காய்ச்சி வடித்த தண்ணீர் 800 மில்லிலீற்றர், ஐசோபுரோப்பைல் அல்ககோல் 200 மில்லிலீற்றர், நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத் தண்ணீர் கேத்தலின் அடியில் விடும் வெள்ளைப் படை பள்ளத்துக்குள்ளும் படியும், பிறகு தட்டு முழுக்கப் பொரியும். வாகன பற்றரிக்கு ஊற்ற விற்கும் வடித்த தண்ணீர் போதும். போத்தலை வாசித்து வாங்குங்கள், பக்கத்திலேயே அமிலமும் வைத்திருப்பார்கள்.

முதலில் உலர்ந்த தூரிகையால் புழுதியை எடுங்கள். இல்லாவிட்டால் நனைந்த மண் உரஞ்சுத்தாள் ஆகிவிடும். லேபலைப் பிளாஸ்டிக் மூடியால் மறைத்து, ஒரு பக்கத்துக்கு 10 முதல் 15 மில்லிலீற்றர் விட்டு, மெல்லிய வெல்வெட் துணியால் பள்ளம் போகும் வழியிலேயே வட்டமாகத் தேயுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். இரண்டு நிமிடம் ஊறவிட்டு, வடித்த தண்ணீரால் மட்டும் இருமுறை அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். அலசாமல் விட்டால் சவர்க்காரம் ஊசி நுனியில் பசையாகத் திரளும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். 78 சுற்றுப் பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை. அல்ககோல் பட்டால் மேற்பரப்பே கரைந்துவிடும். அவற்றுக்கு வடித்த தண்ணீரும் ஒரு துளிச் சவர்க்காரமும் மட்டும்.

அடுக்கும்போது நிமிர்த்தி வையுங்கள், படுக்கையாக அடுக்கினால் அடித்தட்டுகள் வளையும். தரையிலிருந்து ஓரடி உயரம், சுவரை ஒட்டாமல். கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும், மட்டை என்றால் ஒரு இரவில் தின்றுவிடும். தகரக் கூரை வீட்டில் மேல்தட்டு றாக்கையே வேண்டாம்.

கேள்வி (வவுனியா): பிளேயரை அம்ப்பின் ஓக்ஸில் குத்தினால் சத்தம் மெல்லியதாக, பேஸ் இல்லாமல் வருகிறது. அம்ப் பழுதா?

பதில்: பழுதில்லை. காந்தக் காட்ரிஜ் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட், ஓக்ஸுக்கு அதைப்போல் பல பத்து மடங்கு வேண்டும். அதோடு, தட்டு வெட்டும்போதே 20 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் பேஸைக் குறைத்து, உச்ச ஒலிகளைக் கூட்டி வெட்டுகிறார்கள். இதற்கு ஆர்ஐஏஏ வளைவு என்று பெயர். அதை நேராக்கி ஒலியைப் பெருக்கும் போனோ பிரீஅம்ப் ஒன்றை நடுவில் போடுங்கள். ரீங்காரம் கேட்டால் பிளேயரின் எர்த் வயரை பிரீஅம்ப்பின் திருகில் முறுக்குங்கள். செராமிக் காட்ரிஜ் என்றால் பிரீஅம்ப் தேவையில்லை, நேரே ஓக்ஸ்தான்.

கேள்வி (முல்லைத்தீவு): சனசமூக நிலையத்தில் மாதம் ஒருநாள் கூடித் தட்டுக் கேட்கிறோம். பிங்க் ஃபுளோயிட்டின் 'டார்க் சைட் ஒஃப் த மூன்', டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்', லெட் செப்பலினின் நாலாவது அல்பம். மூன்றுக்கும் மூன்று கட்சி. நீங்கள் எந்தப் பக்கம்?

பதில்: தீர்ப்புக்கு முன் ஒரு கேள்வி. உங்கள் ஊசி எத்தனை மணித்தியாலம் ஓடியது? தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியின் கீழ் வினாடிக்கு ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர் ஓடுகிறது, லேபலுக்குக் கிட்ட 21 சென்ரிமீற்றர்தான். அதே ஒலி பாதிக்கும் குறைந்த நீளத்துக்குள் நெருக்கி வெட்டப்பட்டிருக்கும். தேய்ந்த ஊசி அங்கேதான் இடறும். நீலக்கல் ஊசி சில பத்து மணித்தியாலத்தில் தேய்ந்துவிடும், வைரம் சில நூறு தாங்கும்.

இனி அல்பங்களைப் பாருங்கள். 'டார்க் சைட்'டின் முதற் பக்கம் பாடகி கிளேர் ரொறியின் சொல்லில்லாத பாட்டோடு முடிகிறது. ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடம் உடனே பிடிபடும். செப்பலினின் முதற் பக்கம் முடிவது 'ஸ்டெயார்வே ரு ஹெவன்', இரண்டாம் பக்கம் முடிவது 'வென் த லெவி பிறேக்ஸ்'. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் ட்ரம்ஸை வைத்து, படிக்கட்டின் மேலே இரண்டு மைக் தொங்கவிட்டுப் பதிந்த அடி அது. இந்த மூன்று உச்சங்களும் உள்வட்டத்தில்தான் கிடக்கின்றன. ஊசி தேய்ந்திருந்தால் குரல் கரகரக்கும், ட்ரம்ஸ் தகரமாகும், 'இவ்வளவுதானா' என்று அல்பத்தின்மேல் பழி விழும். 'மெஷின் ஹெட்'டில் எல்லாருக்கும் தெரிந்த 'ஸ்மோக் ஒன் த வோட்டர்' இரண்டாம் பக்கத்தின் வாசலிலேயே, வெளி ஓரத்தில் இருக்கிறது. உங்கள் டீப் பர்ப்பிள் கட்சி வெல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நல்ல ஊசியோடு கேட்டால் எங்கள் கணிப்பு இது. பக்கம் திறந்த, ஆட்கள் வந்துபோகும் மண்டபத்துக்கு 'மெஷின் ஹெட்' (1972). சுவிற்சர்லாந்தின் மொன்த்ரோவில் கசினோ எரிந்துபோக, 1971 டிசம்பரில் வெறிச்சோடிய ஹோட்டலின் நடைபாதையில் பதிந்தது. டீப் பர்ப்பிளின் ஜோன் லோர்ட் ஹம்மண்ட் ஓர்கனை மார்ஷல் அம்ப்பில் விட்டு வாசிக்கும் கரடு, சின்ன ஸ்பீக்கரிலும் நிற்கும். 'டார்க் சைட்' (1973) மெல்லிய இதயத் துடிப்பில் தொடங்குகிறது. ஜெனரேற்றரோ மழையோ தகரத்தில் இரைந்தால் அந்தத் தொடக்கமே கிடையாது. அதைப் பத்துப் பேருக்கு மேல் இல்லாமல், கதவைச் சாத்திக் கேளுங்கள். மூன்றிலும் முழுமையான வேலை அதுதான் என்பது எங்கள் துணிபு. தனித்தனிப் பாட்டாக எடுத்தால் செப்பலின் முந்தும், இரு பக்கமும் ஒரே மூச்சாக நிற்பது 'டார்க் சைட்'.

கூட்டத்துக்கு இரண்டு குறிப்பு. ஸ்பீக்கரையும் பிளேயரையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள், பேஸ் ஊசிக்குத் திரும்பி ஊளையிடும். விவாதத்தைத் தட்டுத் திருப்பும் இடைவெளிக்கு விடுங்கள், பாட்டின்மேல் கதைக்கவிடாதீர்கள்.

கேள்வி (மல்லாவி): 180 கிராம் புதுப்பதிப்புத்தான் நல்லதாமே?

பதில்: பாரமான தட்டு வளைவது குறைவு, அவ்வளவே. ஒலியைத் தீர்மானிப்பது எந்த மூலப் பதிவு நாடாவிலிருந்து, யார் வெட்டினார்கள் என்பது. அதேபோல, நீளமும் கவனிக்க வேண்டியது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிறதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' (1985) ஒற்றைத் தட்டில் அடங்க, சீடியில் உள்ள சில பாட்டுகளை வெட்டிக் குறைத்துத்தான் போட்டார்கள். நீளம் முழுவதும் வேண்டுமென்றால் இரட்டைத் தட்டாக வந்த பதிப்பைத் தேடுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): வெயிலில் நின்ற வானுக்குள் விட்ட தட்டு நெளிந்துவிட்டது. நிமிர்த்தலாமா?

பதில்: கிண்ணம்போல் ஒரே பக்கம் வளைந்திருந்தால் முயலலாம். சுத்தமான தட்டை 5 மில்லிமீற்றர் கண்ணாடி இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே 5 கிலோ அரிசிப் பையைப் பரவலாக ஏற்றி, நிழலான அறையில் சில வாரம் விடுங்கள். அவணும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். மெதுவாய் நிமிர்ந்தால்தான் பள்ளம் கெடாது. விளிம்பில் அலை அலையாக நெளிந்த தட்டுக்கு இது பலிப்பது அரிது. அதில் ஊசி தாண்டும் பாட்டுகளை விட்டு, உட்பக்கப் பாட்டுகளை மட்டும் போடுங்கள்.